நம்பர் அப்படியே இருக்கும், ஆனால் சிம் யார் பேரில் இருக்கிறது?

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்துக்குள் புதிதாக வீடு கட்டிக் குடிபோயிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேள்வியின் சுருக்கம் இது:

"அப்பா காலத்திலிருந்து பதினாலு வருஷமாக ஒரே நம்பர். பேங்க், கேஸ், ரேஷன், மிளகு எடுக்கும் வியாபாரி என்று எல்லாரிடமும் இதுதான் இருக்கிறது. புது வீட்டில் இந்த நெட்வொர்க் சுத்தமாக எடுப்பதில்லை. நம்பரை விடாமல் வேறு கம்பெனிக்கு மாற முடியுமா? மாறினால் மூன்று மாதம் போன் செத்துக் கிடக்கும் என்கிறார்களே, நிஜமா? எவ்வளவு செலவாகும்? மலையில் எந்த நெட்வொர்க் நல்லது? சிம் அப்பா பேரில் இருக்கிறது, அவர் போன வருஷம் தவறிவிட்டார். அது ஒன்றும் பிரச்சினை இல்லையே?"

தம்பி, கடைசியாகக் கேட்டதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் கீழே சேலம் அம்மாபேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். நெட்வொர்க் மாற்ற வந்து முடியாமல் திரும்பிப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாட்டிக்கொள்வது பெயர் விஷயத்தில்தான். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சுலபம், அதை முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

நம்பர் போகாது. பத்து இலக்கமும் அப்படியே இருக்கும், சிம் கார்டு மட்டும் மாறும். நாடு முழுக்க இந்த வசதி 2011 ஜனவரி 20 முதல் இருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2010 நவம்பரில், ஹரியானாவில் மட்டும் ஆரம்பித்துப் பார்த்தார்கள். அப்போது ஒரே மாநில வட்டத்துக்குள்தான் மாற முடியும். வட்டம் என்றால் தாலுகா இல்லை, செல்போன் சேவைக்காகப் பிரித்து வைத்திருக்கும் பகுதி. 2015 ஜூலை 3 முதல் வட்டம் விட்டு வட்டமும் மாறலாம் என்று ஆனது. நம் ஊருக்கு இது ரொம்ப உபயோகம். ஓசூர் தாண்டி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, கர்நாடக சிம்மோடு சேலம் திரும்புகிற பிள்ளைகள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள்! அவர்களும் அதே நம்பரோடு தமிழ்நாட்டு சிம்முக்கு வந்துவிடலாம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. தமிழ்நாடும் சென்னையும் சேர்த்து ஒரே வட்டம். மலை, அடிவாரம், சென்னை எல்லாம் ஒன்றுதான். ஒரே வட்டத்துக்குள் மாற மூன்று வேலை நாள், வட்டம் விட்டு வட்டம் என்றால் ஐந்து வேலை நாள். 2019 டிசம்பர் 16 முதல் இதுதான் விதி. அதற்கு முன்பு ஒரு வாரம், பத்து நாள் என்று இழுக்கும். அந்த நாள் ஞாபகத்தில் இன்னமும் பயப்படுகிறவர்கள் உண்டு.

மூன்று மாதம் போன் செத்துப்போகும் என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? இதில் தொண்ணூறு நாள் என்று ஒரு விதி நிஜமாகவே இருக்கிறது. புது சிம் வாங்கியோ, ஒரு கம்பெனிக்கு மாறி வந்தோ தொண்ணூறு நாள் ஆன பிறகுதான் அங்கிருந்து அடுத்த இடத்துக்கு மாற முடியும். போன் அந்தத் தொண்ணூறு நாளும் நன்றாக வேலை செய்யும், மறுபடி மாறத்தான் முடியாது. இதை யாரோ பாதி காதில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் சொல்லியிருப்பார்கள், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் அது இப்படி ஆகியிருக்கும். உண்மையில் போன் நிற்பது நாலு மணி நேரம் போல. பெரும்பாலும் ராத்திரியில் நடக்கும், எந்த நாள் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே எஸ்.எம்.எஸ். வந்துவிடும்.

செலவா? ஆரம்பத்தில் 19 ரூபாய் வரை வாங்கலாம் என்று இருந்தது, 2018இல் நாலு ரூபாய் ஆக்கினார்கள். இப்போதும் பத்து ரூபாய் ஆகாது, அதையும் புதிதாகச் சேர்க்கிற கம்பெனி தானே பார்த்துக்கொள்வதால் உங்கள் கையிலிருந்து ஒன்றும் போகாது. நிஜமான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பழைய சிம்மில் மீதி இருக்கும் பணம், மீதி இருக்கும் வேலிடிட்டி, டேட்டா எதுவும் கூட வராது. ஒரு வருஷ பிளான் போட்டு ரெண்டே மாதம் ஆகியிருந்தால், பத்து மாதக் காசு அங்கேயே போச்சு. அதனால் பிளான் முடிகிற வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். முடிந்த பிறகு வேண்டாம், முடிவதற்குச் சில நாள் முன்னால். போஸ்ட்பெய்டாக இருந்தால் வந்திருக்கும் பில்லைக் கட்டியிருக்க வேண்டும். மாறிய பிறகும் பழைய கம்பெனியிலிருந்து ஒரு கடைசி பில் வரும். 'அதுதான் விட்டு வந்துவிட்டோமே' என்று அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அவர்கள் எழுதிக் கேட்டு, புது இடத்திலேயே உங்கள் நம்பரை நிறுத்திவைக்க முடியும்.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எந்த சிம்மை மாற்ற வேண்டுமோ அதிலிருந்தே 1900 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் போர்ட் என்ற நாலு எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு உங்கள் பத்து இலக்க நம்பர். அவ்வளவுதான். ரீசார்ஜ் பிளானில் எஸ்.எம்.எஸ். வசதி இல்லை என்பதால் இது போகாமல் நின்ற காலம் ஒன்று இருந்தது. எந்த பிளானாக இருந்தாலும் 1900க்கு மட்டும் எஸ்.எம்.எஸ். போயே ஆக வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டுவிட்டது. ஆக, சின்ன ரீசார்ஜ் போட்டிருப்பதால் போகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் சிக்னலே இல்லாத வீட்டிலிருந்து எதுவும் போகாது, இல்லையா? ஒண்டிக்கடைப் பக்கம் வரும்போதோ கீழே இறங்கும்போதோ அனுப்புங்கள்.

பதிலாக எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு வரும். யூ.பி.சி. என்பார்கள். அது வந்துவிட்டாலே முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. முன்பெல்லாம் குறியீடு கேட்டவர்கள் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, விண்ணப்பம் போட்ட பிறகு காரணம் சொல்லி நிராகரிப்பார்கள். இப்போது பில் பாக்கி இருக்கிறதா, தொண்ணூறு நாள் ஆயிற்றா, பெயர் மாற்றம் ஏதும் நடுவில் நிற்கிறதா, கோர்ட்டு வழக்கு உண்டா என்றெல்லாம் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால்தான் குறியீடே தருகிறார்கள். இல்லையென்றால் என்ன காரணம் என்று பதில் வரும். அந்தப் பதிலை அழிக்காமல் வையுங்கள், என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

நம் பக்கம் இந்தக் குறியீட்டுக்கு ஆயுள் நாலு நாள். அதற்குள் புதுக் கம்பெனியின் கடைக்குப் போய்க் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டு வாங்கிவிட்டு, சனி ஞாயிறு சுற்றுலாக்காரர்கள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, திங்கள் மழை, செவ்வாய் தோட்டத்தில் ஆள் வேலை என்று விட்டால் காலாவதியாகிவிடும். பணம் ஒன்றும் நஷ்டமில்லை, மறுபடி கேட்கலாம், ஆனால் அலைச்சல். நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது இதுதான்: கடை வாசலுக்கு வந்து நின்றுகொண்டு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும். வீட்டிலிருந்தே அனுப்பிவிட்டு வருவதில் ஒரு லாபமும் கிடையாது.

கடையில் ஆதாரை வைத்து, விரல் ரேகை வாங்கி, போட்டோ எடுத்து, புது சிம் தருவார்கள். அதை உடனே மாற்றிப் போட வேண்டாம், பழையதே ஓடட்டும். மனசு மாறிவிட்டால் விண்ணப்பம் போட்ட இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதே 1900க்கு ஆங்கிலத்தில் கேன்சல் என்று எழுதி நம்பரைப் போட்டு அனுப்பினால் போதும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் குறியீடு கேட்ட உடனே பழைய கம்பெனிக்காரர்களுக்கு உங்கள் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும். வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்கள் கூப்பிட்டு, 'ஏன் சார் போறீங்க, உங்களுக்குன்னு ஒரு பிளான் இருக்கு' என்பார்கள். உங்கள் வீட்டில் சிக்னல் எடுக்காததுதான் காரணம் என்றால், அந்த பிளானை வைத்து என்ன செய்வது? மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

குறிப்பிட்ட நாளில் பழைய சிம்மில் சிக்னல் காணாமல் போகும். அப்போது புது சிம்மைப் போட்டு, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இதற்கிடையே பின்னால் நடப்பது ஒரு சுவாரசியமான விஷயம். ஒரு காலத்தில் நம்பரின் முதல் நாலு இலக்கத்தைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடுவோம். 9443 என்றால் பி.எஸ்.என்.எல்., 9894 என்றால் ஏர்டெல், 9842 என்றால் ஏர்செல். போன் எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான் கண்டுபிடித்தது. இப்போது அந்த இலக்கங்களுக்கு அர்த்தமே இல்லை. எந்த நம்பர் இன்று எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று ஒரு பொதுவான பதிவேடு இருக்கிறது. நீங்கள் யாரையாவது கூப்பிட்டால், உங்கள் கம்பெனி அந்தப் பதிவேட்டைப் பார்த்து, நாலு இலக்கத்தில் ஒரு வழிகாட்டும் எண்ணை முன்னால் சேர்த்து, சரியான இடத்துக்குத் தள்ளிவிடும். அதாவது நம்பருக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. நாளைக்கு நீங்கள் அந்த நம்பரே வேண்டாம் என்று விட்டுவிட்டால், அது கடைசியாக இருந்த கம்பெனியில் தங்காது, முதலில் எந்தக் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டதோ அங்கேயே திரும்பிப் போய்ச் சேரும்.

அந்தப் பதிவேடு எல்லா இடத்திலும் மாறி முடிய வேண்டும் என்பதால்தான் அந்த நாலு மணி நேரம். சில சமயம் ஒரு நாள் வரை யாராவது ஒருத்தர் கூப்பிட்டால் மட்டும் வராது, பேங்க் எஸ்.எம்.எஸ். தாமதமாகும். எனவே சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாள், பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் நாள், மிளகுப் பணம் கணக்கில் வருகிற நாள் இதிலெல்லாம் மாறாதீர்கள். மாறிய பிறகு ஜி-பே, போன்-பே, பேங்க் ஆப் எல்லாம் 'சிம் மாறியிருக்கிறது' என்று மறுபடி சரிபார்க்கச் சொல்லும். பயப்பட ஒன்றுமில்லை, புது சிம்மிலிருந்து அதுவாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிச் சரி செய்துகொள்ளும். அந்த எஸ்.எம்.எஸ். போகப் புது சிம்மில் ரீசார்ஜ் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பும் அதே நம்பரில்தான் இருக்கும். ஆதாரிலும் பேங்கிலும் நம்பர் மாறவே இல்லை என்பதால் போய்ச் சொல்ல வேண்டியதும் இல்லை.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

சிம் அப்பா பேரில் இருக்கிறது, அப்பா இல்லை. நெட்வொர்க் மாற்றும்போது புதுக் கம்பெனியில் கொடுக்கிற ஆதாரும், பழைய கம்பெனியில் பதிந்திருக்கிற பெயரும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். உங்கள் விரல் ரேகையை வைத்து அப்பாவின் நம்பரை மாற்ற முடியாது. 'மாற்றும்போதே பேரையும் சேர்த்து மாற்றிக் கொடுத்துவிடுகிறோம்' என்று குடை போட்டு சிம் விற்கிற பையன்கள் சொல்லலாம். அவர்களுக்கு ஒரு சிம் கணக்கு ஏறினால் கமிஷன், அவ்வளவுதான். ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. பெயர் மாற்றம் பாதியில் நின்றால் குறியீடும் வராது. இன்னும் சிலர் 'அப்பா ஆதார் ஜெராக்ஸ் இருந்தால் கொடுங்க, பார்த்துக்கலாம்' என்பார்கள். அது மட்டும் வேண்டவே வேண்டாம், தம்பி. ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கினால் 2023ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. ஒரு சிம்முக்காக எதற்கு அந்த வம்பு?

செய்ய வேண்டியது இப்படி. இப்போது நம்பர் எந்தக் கம்பெனியில் இருக்கிறதோ, அவர்களுடைய சொந்த சேவை மையத்துக்கு சேலத்துக்கு வாருங்கள். ரீசார்ஜ் கடையில் இது நடக்காது, என் கடையிலும் நடக்காது. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், நீங்கள் அவர் மகன் என்று காட்டுகிற ஆவணம், உங்கள் ஆதார் எல்லாம் அசலோடு எடுத்து வாருங்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். அம்மா, கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கேட்பார்கள், அதையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வருவதற்கு முன் கம்பெனியின் புகார் எண்ணான 198க்குப் போன் செய்து என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காகிதம் விட்டுப்போனால் இன்னொரு முறை இருபது வளைவு இறங்கி ஏற வேண்டும்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு அம்மா வந்தார். கணவர் பேரில் சிம். அவர் இருந்த கம்பெனியின் மையத்தில் மூன்று முறை மூன்று விதமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல் முறை இறப்புச் சான்றிதழ் போதும் என்றார்கள், ரெண்டாம் முறை வாரிசுச் சான்றிதழ், மூன்றாம் முறை மேனேஜர் லீவு. நான்காம் முறை போகும்போது நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன்: வாயால் கேட்காதீர்கள், புகார் எண் போடச் சொல்லி அதை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். புகார் எண் கேட்டதும் அன்றைக்கே வேலை முடிந்தது. எந்தக் கம்பெனியானாலும் புகாருக்கு எண் தர வேண்டும், அதில் தீர்வு வராவிட்டால் அந்தக் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருப்பார், அவரிடம் போகலாம். நிறையப் பேருக்கு இந்த ரெண்டாவது படி இருப்பதே தெரியாது.

பெயர் உங்களுக்கு மாறும்போது புது சிம் கார்டு கொடுத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சிம் கார்டை மாற்றினால் ஏழு நாள் வரை குறியீடு வராது. 2024 ஜூலை 1 முதல் இந்த விதி. இது நம்மைத் தொல்லைப்படுத்த வந்த விதி இல்லை. ஒருத்தர் சிம் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி உங்கள் நம்பருக்கு டூப்ளிகேட் வாங்கி, உடனே வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டால், உங்கள் ஓ.டி.பி. எல்லாம் அவன் கையில். அதைத் தடுக்கத்தான். அந்த யூ.பி.சி. குறியீட்டையும் போனில் கேட்கிற யாருக்கும் சொல்லாதீர்கள், அது உங்கள் நம்பரின் சாவி. திடீரென்று உங்கள் போனில் காரணமில்லாமல் குறியீடு வந்தாலோ, சிக்னல் மொத்தமாகப் போய்விட்டாலோ, உடனே வேறு போனிலிருந்து கம்பெனியையும் பேங்கையும் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் சைபர் மோசடிப் புகார் எண் 1930.

மலையில் இந்தப் பெயர்க் குழப்பம் கொஞ்சம் அதிகம். எஸ்டேட்டில் மேஸ்திரி பேரில் நாலு பேருக்கு சிம், பக்கத்து வீட்டு அக்கா ஆதாரில் ஒரு சிம், ஊரைவிட்டே போன மைத்துனன் பேரில் ஒரு சிம் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிறவரை ஒன்றும் தெரியாது, மாற்றும்போதுதான் தெரியும். உங்கள் பேரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருத்தர் பேரில் ஒன்பது வரைதான் அனுமதி. உங்களுக்குத் தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே 'என்னுடையது இல்லை' என்று குறித்துவிடலாம்.

எந்த நெட்வொர்க் என்று கேட்டீர்கள். ஏற்காட்டுக்கு இதுதான் என்று யாராவது ஒரே வார்த்தையில் சொன்னால், அவர் ஏற்காட்டு ஏரிக்கரையில் மட்டும் நின்று பார்த்தவர் என்று அர்த்தம். மலையில் டவருக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மேடு வந்தால் முடிந்தது கதை. மேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வீட்டில் நாலு கோடு, அந்தப் பக்கம் சரிவில் ஒன்றுமே இருக்காது. அதோடு சில்வர் ஓக் மரங்கள். மழையில் நனைந்த இலை சிக்னலை நன்றாக உறிஞ்சும், ஐப்பசி கார்த்திகையில் இது நன்றாகத் தெரியும். அலைவரிசை குறைவாக இருந்தால் சிக்னல் தூரம் போகும், சுவரையும் மரத்தையும் கொஞ்சம் தாண்டும். அலைவரிசை கூடினால் வேகம் கிடைக்கும், தூரம் குறையும். ஒரே கம்பெனிதான், சேலம் ஐந்து ரோட்டில் பறக்கும், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு பள்ளத்தில் தவழும்.

அதனால் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், கம்பெனிகளின் வரைபடத்தையும் அப்படியே நம்பாதீர்கள். வரைபடம் ஊரைத்தான் காட்டும், உங்கள் திண்ணையைக் காட்டாது. ஒவ்வொரு கம்பெனி சிம் வைத்திருக்கிற சொந்தக்காரர்களை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், காபி கொடுங்கள். வீட்டுக்குள்ளே, படுக்கிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் போனில் பேசிப் பாருங்கள். டிராயின் மைஸ்பீட் ஆப்பில் வேகமும் பார்க்கலாம். முக்கியமாக மூன்று நேரம் பாருங்கள்: ராத்திரி எட்டு மணி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்ட் போய் ரெண்டு மணி நேரம் ஆன பிறகு. ஞாயிறு எதற்கு என்றால், கோடை விழா மாதிரிக் கூட்டம் ஏறும்போது கோடு நாலும் இருக்கும், ஆனால் ஒன்றும் நகராது. கரண்ட் எதற்கு என்றால், டவரில் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். மலையில் காற்றடித்தால் முதலில் போவது கரண்ட்தானே.

வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர்கள் இருந்தால் இன்னொன்று. ஜியோவில் 2ஜி கிடையாது. பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம்மைப் போட்டால் வேலை செய்யாது, 4ஜி பட்டன் போன் வாங்க வேண்டும். அம்மாவின் நம்பரையும் சேர்த்து மாற்றலாம் என்று நினைத்தால் இதை யோசித்துச் செய்யுங்கள்.

ஒருவேளை மாறவே தேவையில்லாமலும் போகலாம். உங்கள் பகுதிக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால், நிறைய 4ஜி போன்களில் வைஃபை காலிங் என்று ஒரு வசதி இருக்கிறது. செட்டிங்கில் போட்டுவிட்டால், டவர் சிக்னல் இல்லாவிட்டாலும் வைஃபை வழியாகச் சாதாரண போன் மாதிரியே பேசலாம், அதே நம்பரில். உங்கள் போனும் கம்பெனியும் இரண்டும் அதற்கு ஒத்துவர வேண்டும். ஆனால் கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும், ஒரு சின்ன இன்வெர்ட்டர் வேண்டும். தோட்டத்துக்குள் நடக்கும்போதும் உதவாது. என்னைக் கேட்டால், தோட்டத்தில் தனியாக நிற்கிற நேரத்தில்தான் போன் ரொம்ப அவசியம். அதனால் நெட்வொர்க்கை மாற்றுவதே உங்களுக்குச் சரி.

வீட்டில் 04281இல் தொடங்கும் பழைய தரைவழி போன் ஏதாவது இருக்கிறதா? அந்த நம்பரை இப்படி மாற்ற முடியாது, இந்த வசதி செல்போனுக்கு மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. அப்பா பட்டன் போன் வைத்திருந்தால், நம்பர்களையெல்லாம் போனில் இல்லாமல் சிம்மிலேயே பதிந்திருப்பார். அந்தக் காலத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். என் அப்பாவின் சிம்மை மாற்றும்போது இது எனக்கே தோன்றவில்லை. கடைக்காரன் நான், பழைய சிம்மை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். அவருடைய இருபது வருஷத்துச் சிநேகிதர்கள் யாருடைய நம்பரும் எங்களிடம் இல்லாமல் போனது, அவர் ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சேவை நின்றுபோன சிம்மிலும் அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கும், போனில் போட்டால் படிக்கலாம். அதனால் மையத்தில் புது சிம் கொடுத்தாலும் பழையதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே அம்மாபேட்டைப் பக்கம் வாருங்கள், பெயர்களையெல்லாம் உங்கள் போனுக்கு மாற்றித் தருகிறேன். பத்து நிமிஷ வேலை.